கூழாங்கல்லும் கரித்துண்டும்

1928 கோடையில் முசோரியில் இருந்த பத்து வயது இந்திராவுக்கு நேரு கடிதங்கள் எழுதினார். மறு ஆண்டே அவை நூலாக வந்தன. முதல் கடிதத்திலேயே ஒரு கூழாங்கல் வருகிறது. இது ஏன் இப்படி உருண்டு வழவழப்பாக இருக்கிறது? பாறையிலிருந்து உடைந்தபோது கூரிய முனைகள் இருந்தன. மழைநீர் ஓடையில் தள்ளியது. ஆறு உருட்டி உருட்டித் தேய்த்தது. கையில் கிடைத்த கல்லைப் படிக்கச் சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் பூமியின் கதைக்குப் போகிறார்.

சிறுவர்களுக்கான அறிவியல், வரலாற்று நூல்களை எடைபோட எனக்கு அந்தக் கல் போதும். ‘இது எப்படித் தெரிஞ்சுது?’ என்று பிள்ளை கேட்டால் நூலுக்குள் பதில் இருக்கிறதா?

இந்தக் கேள்விக்கு அறிவியல் நூல் எளிதாகப் பதில் சொல்லிவிடும். லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் 1860-61 கிறிஸ்துமஸ் காலத்தில் மெழுகுவர்த்தியைப் பற்றி ஃபாரடே ஆற்றிய ஆறு சொற்பொழிவுகள் 1861-இல் நூலாயின. சுடரின் நடுவில் எரியாத ஆவி இருக்கிறது என்று அவர் சும்மா சொல்லவில்லை. அங்கே ஒரு கண்ணாடிக் குழாயை நுழைத்து, ஆவியை வெளியே இழுத்து, குழாயின் மறுமுனையில் பற்றவைத்துக் காட்டினார். ஆனால் போகப்போக மின்கலம், பொட்டாசியம் என்று சாமான்கள் பெருகுகின்றன. அரங்கில் பார்த்த பிள்ளைக்கு அது விருந்து. வீட்டில் படிக்கிற பிள்ளை அவர் சொல்வதை நம்பத்தான் வேண்டும்.

வரலாற்றில் இந்த நம்பிக்கைதான் வம்பு. கோம்பிரிச் வியன்னாவில் வேலையில்லா இளைஞராக இருந்தபோது ஆறே வாரத்தில் எழுதிய சிறுவர் உலக வரலாறு 1935-இல் வெளிவந்தது. பக்கத்தில் உட்கார்ந்து கதை சொல்கிற குரல். அந்தக் குரலுக்காகவே இன்றும் அதை வாசிக்கிறார்கள். அதே குரலில்தான், முதல் உலகப்போரின் முடிவில் அமெரிக்க அதிபர் வில்சனின் வாக்குறுதியை நம்பித் தோற்ற நாடுகள் ஏமாந்தன என்ற கருத்தும் குழந்தையின் காதில் விழுந்தது. சுற்றி இருந்தவர்கள் நம்பியதைச் சரிபார்க்காமல் எழுதிவிட்டதாக, 1985 பதிப்பில் சேர்த்த கடைசி அத்தியாயத்தில் அவரே ஒப்புக்கொண்டார். ஐம்பது ஆண்டு கழித்துத் தன் வாசகரிடம் தவறைச் சொன்ன அந்த அத்தியாயம்தான், என் கணக்கில், நூலின் மிகச் சிறந்த வரலாற்றுப் பாடம்.

நேருவும் சறுக்குகிறார். தந்தையைக் குறிக்கும் சொல் பல மொழிகளில் ஒத்திருப்பதைக் காட்டி அம்மொழிகள் உறவுடையவை என்கிறார். அதுவரை சான்று கண்முன் இருக்கிறது. அங்கிருந்து, அவற்றைப் பேசுவோரின் முன்னோர் ஒருகாலத்தில் ஒன்றாக வாழ்ந்தவர்கள் என்று தாவிவிடுகிறார். படையெடுப்பாலும் வணிகத்தாலும்கூட ஒரு மொழி வேறு மக்களின் வாயில் ஏறிவிடும் அல்லவா? கல்லுக்குக் காட்டிய பொறுமை மனிதர்களுக்குக் கிடைக்கவில்லை.

நம் ஊர்க் கதைக்கு வருவோம். கீழடி 2,600 ஆண்டுப் பழமையானது என்று பிள்ளைகளுக்கு இப்போது மனப்பாடம். அந்த எண் எங்கிருந்து வந்தது? 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த கரி மாதிரியிலிருந்து. அமெரிக்க ஆய்வகம் ஒன்றில் அதன் காலம் கி.மு. 580 என்று தெரியவந்ததைத் தமிழ்நாடு தொல்லியல் துறை 2019-இல் வெளியிட்டது. உயிரோடு இருந்த மரம் உள்ளிழுத்த ஒருவகைக் கார்பன், மரம் இறந்தபின் சுமார் 5,730 ஆண்டுகளில் பாதியாகிவிடும். மிச்சத்தை அளந்தால் வயது தெரியும். தேதி கரிக்குத்தான்; அதே மண்ணடுக்கில் கிடைத்த பானை ஓட்டுக்கு அதைப் பொருத்துவது ஆய்வாளரின் ஊகம், நல்ல காரணமுள்ள ஊகம். பத்து வயதுப் பிள்ளைக்கு இதைச் சொல்ல அரைப் பக்கம் போதும். அந்த அரைப் பக்கம் பெரும்பாலும் நம் தொன்மையின் புகழுக்குப் போய்விடுகிறது.