பற்றுப் பக்கத்தில் இருக்கும் இருள்

போளூரில் எங்கள் வீட்டுத் தறிக்கு மேலே ஒரு மாடம் உண்டு. அதில் அகல்விளக்கு பக்கத்தில் ஒரு நீள நோட்டு. பாவு வாங்கிய தேதி, சேலை கொடுத்த தேதி, கூலி, அட்வான்ஸில் பிடித்தது, பாக்கி. பாக்கி தீர்ந்ததாக ஒரு பக்கத்திலும் நான் பார்த்ததில்லை. வேறு முதலாளியிடம் போகணும்னா, அவர் பழைய முதலாளியின் அட்வான்ஸைக் கட்டி அப்பாவை ‘எடுத்துக்கொள்வார்’. பாக்கியும் கூடவே போகும்.

பாலாவின் ‘பரதேசி’ (2013) வந்தபோது நான் பெங்களூரில் கோடு எழுதிக்கொண்டிருந்தேன். தியேட்டரில் அழுதேன். அழுததில் ஒரு திருப்தியும் இருந்தது, அதை மறைக்க விரும்பவில்லை. படத்துக்கு மூலமான பி.எச். டேனியலின் ‘ரெட் டீ’யை (1969) பிறகுதான், இரா. முருகவேளின் தமிழாக்கமான ‘எரியும் பனிக்காடு’ வழியாகப் படித்தேன். அதைப் படித்து முடித்தபோது அழுகை வரவில்லை. மாடத்து நோட்டுதான் ஞாபகம் வந்தது.

டேனியல் 1940களில் ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்தவர். அவருடைய கருப்பனும் வள்ளியும் 1920களில் திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து மேஸ்திரியின் முன்பணத்தை வாங்கிக்கொண்டு மலையேறுகிறார்கள். நாவலில் மலேரியா இருக்கிறது, மழை இருக்கிறது, பாலியல் வன்முறை இருக்கிறது. ஆனால் எல்லாவற்றையும் இழுத்துக் கட்டியிருப்பது கணக்கு. வருஷம் முழுக்க உழைத்து, பிடித்தம் எல்லாம் போக, மறுபடியும் கடன். இது ஒரு துரையின் கெட்ட குணம் அல்ல, சட்டம். முன்பணம் வாங்கிவிட்டு வேலையை விட்டால் சிறைக்கு அனுப்ப வழிசெய்த 1859ஆம் ஆண்டின் 13ஆவது சட்டம், 1920களின் நடுவில்தான் ரத்தானது.

பாலா கதையை 1939க்கு நகர்த்துகிறார். அது தப்பில்லை. கான்ராட் 1899இல் எழுதிய காங்கோ கதையை 1979இல் கொப்பொலா வியட்நாமுக்குக் கொண்டுபோனார். இடமும் காலமும் மாறலாம். இருள் எங்கே இருக்கிறது என்கிற பதிலும் சேர்ந்து மாறுகிறதா என்பதுதான் கேள்வி. கான்ராட்டின் ஆப்பிரிக்கர்கள் ஒரு வெள்ளைக்காரனின் மனச்சிதைவுக்குப் பின்னணித் திரையாக மட்டுமே நிற்கிறார்கள் என்று அச்சிபி 1975இல் குற்றம்சாட்டினார். பாலாவை அப்படிச் சொல்ல முடியாது. அவர் கேமரா முழுக்கத் தொழிலாளிகளோடுதான் இருக்கிறது. ஆனால் அவர்களுடைய வலியோடு மட்டும் இருக்கிறது. தப்பியோடியவனின் குதிகால் நரம்பை வெட்டுவதைப் பார்க்கும்போது நமக்கு வெட்டுகிறவன்மேல் கோபம் வருகிறது. அந்தத் தோட்டத்தின் தேயிலை யாருக்கு என்ன விலைக்குப் போனது என்று கேட்கத் தோன்றுவதில்லை. நாவலில் சுகாதாரத்துக்காகப் போராடும் மருத்துவர் ஆபிரகாம், படத்தில் மதம் மாற்ற ஆட்டம்போடும் மருத்துவராகிவிடுகிறார். அமைப்பு கரைந்து கொடியவர்கள் மட்டும் மிஞ்சுகிறார்கள்.

ஒரு விஷயத்தில் படத்தை விட்டுக்கொடுக்க மாட்டேன். கடைசியில் மனைவியும் பிள்ளையும் அதே தோட்டத்துக்கு வந்து நிற்க, ராசா கதறுவது. அடிமைத்தனம் வாரிசுக்குப் போகிறது என்பதை அதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

போன பொங்கலுக்கு அப்பாவோடு உட்கார்ந்து படத்தை மறுபடி பார்த்தேன். குதிகாலை வெட்டும்போது அவர் முகம் மாறவில்லை. கணக்கு முடிக்கும் காட்சியில்தான் நிமிர்ந்தார். “எழுதறவன் யாருப்பா? அவனும் நம்மாளுதானே?” என்றார்.

அந்த நிமிஷம் எனக்கு எங்கள் வீட்டுப் பையன் ஞாபகம் வந்தான். கோர்வைச் சேலைக்குக் கரைப்பக்கம் நாடா தள்ள ஒரு ஆள் வேண்டும். பத்து வயசுப் பையன் ஒருத்தன் வருவான். அவன் வீட்டுக்கு அப்பா ஒரு தொகை கொடுத்திருந்தார். நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது அவன் தறியில் உட்கார்ந்திருப்பான். அதே நோட்டின் கடைசிப் பக்கங்களில் அவன் கணக்கும் இருந்தது. அப்பாவின் கையெழுத்தில்.

தோட்டமும் தறியும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. அங்கே செத்தவர்களை அது அவமதிப்பதாகும். ஆனால் கங்காணி வெள்ளைக்காரன் இல்லை, கடன்பட்ட ஊர்க்காரன் என்று டேனியல் காட்டியது ஏன் முக்கியம் என்று அப்போது புரிந்தது. காலனியம் தன் இருளை நம்மிடம் உள்குத்தகைக்கு விட்டது. நாமும் வாங்கிக்கொண்டோம். ‘மனித மனமே இருண்டது’ என்று பொதுவாகச் சொல்லிவிட்டால் ஆட்சியும் தப்பிக்கிறது, நாமும் தப்பிக்கிறோம்.

படம் முடிந்ததும் “அந்தப் பையன் இப்ப எங்கப்பா?” என்று கேட்டேன்.

அப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், “பாக்கி இருந்துச்சு. தள்ளிட்டேன்” என்றார்.

யாருடைய பாக்கி என்று நான் கேட்கவில்லை. அந்த நோட்டு செலவில்தான் நான் இன்ஜினியரிங் படித்தேன்.