19 அடி

2018 மே மாதம் அமெரிக்காவில் ஒரு கார் பிரேக் சோதனையில் கோட்டைவிட்டது. லட்சக்கணக்கானோர் முன்பணம் கட்டிக் காத்திருந்த டெஸ்லா மாடல் 3 அது. சோதித்தது கன்சூமர் ரிப்போர்ட்ஸ். மதிப்பெண் போடுவதற்கான வண்டியைக் கம்பெனியிடம் கேட்காமல் தன் காசில் வாங்கும் பத்திரிகை. கனெக்டிகட் மாநிலத்தில் சொந்தமாகச் சோதனைத் தடமே வைத்திருக்கிறது. அங்கே மணிக்கு 60 மைல், அதாவது 96.6 கிலோமீட்டர் வேகத்தில் வந்து பிரேக்கை ஓங்கி மிதித்தார்கள். வண்டி நிற்க 152 அடி ஆயிற்று.

அதே வகைச் சிறிய சொகுசு செடான்களின் சராசரி 131 அடி. ஃபோர்டு எஃப்-150 என்ற பெரிய பிக்கப் வண்டிகூட மாடல் 3-ஐ விட 7 அடி குறைவாக எடுத்துக்கொண்டது. டெஸ்லாவின் சொந்த வீட்டு யானை, எஸ்யூவி ரகமான மாடல் எக்ஸ், 127 அடியில் நின்றிருந்தது. மாடல் 3-ஐ வாங்கலாம் என்று சொல்ல பத்திரிகை மறுத்துவிட்டது.

எங்கள் சோதனையில் 133 அடிதான் என்றது டெஸ்லா. இதில் இரண்டு பக்கமும் பொய் சொல்லவில்லை என்பதுதான் வேடிக்கை. பத்திரிகைக்காரர்களுக்கும் முதல் மிதியில் சுமார் 130 அடி கிடைத்தது. அதன் பிறகு அந்த எண் திரும்ப வரவேயில்லை. ஒவ்வொரு மிதிக்கும் நடுவில் ஒரு மைல் போல ஓட்டி பிரேக்கை ஆறவிட்டார்கள். ராத்திரி முழுக்க நிறுத்திவைத்து மறுநாள் மிதித்தார்கள். இன்னொருவரின் மாடல் 3-ஐ இரவல் வாங்கிவந்தும் பார்த்தார்கள். விடை ஏறக்குறைய அதேதான்.

நூறு மீட்டர் ஓட்டக்காரருக்கு வாழ்நாளில் ஒரே ஒரு நல்ல ஓட்டம் போதும், பெயர் நின்றுவிடும். கம்பெனி விளம்பரங்கள் பிரேக்கையும் அப்படித்தான் பேசுகின்றன. என் கணக்கில் பிரேக் விக்கெட் கீப்பர் ஜாதி. பத்து கேட்சில் ஒன்பதைப் பிடித்தவரைப் பற்றி ஊர் பேசுவது, விட்ட ஒன்றைத்தான். கன்சூமர் ரிப்போர்ட்ஸ் தன் எல்லா மிதிகளையும் கணக்கில் எடுத்து எண்ணைப் போட்டது. டெஸ்லாவுக்கு வலித்தது அங்கேதான்.

அடுத்து நடந்ததைக் கார் உலகம் அதுவரை பார்த்ததில்லை. சில நாட்களிலேயே டெஸ்லா, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் அமைப்பின் கணக்கைத் திருத்தி, புது மென்பொருளைக் காற்றிலேயே அனுப்பியது. டிஸ்க், பேட், டயர் எதுவும் மாறவில்லை. அதே வண்டியை மறுபடி மிதித்தார்கள்: 133 அடி. பத்திரிகை தன் தீர்ப்பை மாற்றிக்கொண்டது.

குறைந்த தூரம் 19 அடி, கிட்டத்தட்ட 5.8 மீட்டர். ஒரு காரின் நீளத்தைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதானே என்று தோன்றும். இரண்டு வண்டிகள் பக்கத்துப் பக்கத்தில் ஒரே நேரத்தில் பிரேக் அடிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 133 அடி வண்டி நின்றுவிட்ட அதே கோட்டை 152 அடி வண்டி தாண்டும்போது அதன் வேகம் மணிக்கு 34 கிலோமீட்டர். பிரேக் வேகத்தை அடிக்கு அடி சமமாகத் தின்பதில்லை; கடைசி சில அடிகளில்தான் மளமளவென்று இறங்கும். கோட்டில் ஒரு ஆள் நின்றிருந்தால் முதல் வண்டிக்காரர் வியர்வையைத் துடைத்துக்கொள்வார். இரண்டாமவர் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

வீட்டு யானை மாடல் எக்ஸ் எப்படி மாடல் 3-க்கு முன்னால் நின்றது? கனமான வண்டி தாமதமாகத்தான் நிற்கும் என்று நம்மில் பலர் நினைத்திருக்கிறோம். எடை கூடினால் டயர் சாலையை அழுத்துவதும் கூடுகிறது, பிடியும் கூடுகிறது. இரண்டும் பெரும்பாலும் கழிந்துபோகும். மிஞ்சுவது டயரின் ரப்பர், அகலம், அந்தப் பிடியை வழுக்கும் விளிம்புவரை கறந்தெடுக்கும் ஏபிஎஸ்.

எடை தன் வேலையைக் காட்டுவது சூட்டில். இரண்டு டன் செடான் 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஒருமுறை நின்றால் பிறக்கும் வெப்பம், குழாய்த் தண்ணீர் இரண்டரை லிட்டரைக் கொதிக்கவைக்கப் போதும். 200-இல் வந்து நின்றால் அதுபோல நான்கு மடங்கு. லட்சக்கணக்கில் விலை சொல்லும் செராமிக் டிஸ்க் முதல் மிதியில் பெரிதாக எதையும் வென்றுதராது; பத்தாவது மிதியில்தான் தன் காசை நியாயப்படுத்தும். பிரேக் ஆயில் கதையும் இதேதான். டாட் 4 ரகம் புதிதில் கொதிக்காமல் குறைந்தது 230 டிகிரி தாங்க வேண்டும் என்பது விதி. ஈரம் குடித்த பிறகு 155 தாங்கினால் போதும். ஆயிலை மாற்றச் சொல்லும் மெக்கானிக்கைச் சந்தேகப்படுபவர்கள் இந்த இரண்டு எண்களைப் பார்க்கலாம்.

பிரேக்குக்குள் கணினி புகுந்தது டெஸ்லாவால் அல்ல. 1978-இல் மெர்சிடிஸ் எஸ் கிளாஸில் பாஷ் கம்பெனியின் ஏபிஎஸ் வந்தது. ஆபத்தில் பெரும்பாலானோர் போதிய அழுத்தம் கொடுத்து மிதிப்பதில்லை என்று கண்டு, 1996-இல் மீதி அழுத்தத்தைத் தானே கொடுக்கும் பிரேக் அசிஸ்டை மெர்சிடிஸ் கொண்டுவந்தது. அடுத்த தாவலில் இடறியது. பெடலுக்கும் சக்கரத்துக்கும் நடுவே மின்னணுவை உட்கார வைத்த எஸ்பிசி பிரேக், 2002 ஈ கிளாஸில் ஏறி, லட்சக்கணக்கான வண்டிகளைத் திரும்ப அழைக்க வைத்து, 2006-இல் அதிலிருந்து இறங்கியே போயிற்று. மழையில் டிஸ்க்கை அவ்வப்போது பேடால் தொட்டு உலர்த்தும் அளவுக்குக் கெட்டிக்கார அமைப்பு அது. வாங்கியவர்களின் நம்பிக்கையை அந்தக் கெட்டிக்காரத்தனம் காப்பாற்றவில்லை.

அட்டவணைகளை ஒப்பிடுவோருக்கு ஒரு வார்த்தை. அமெரிக்கர்கள் 60 மைலிலிருந்தோ 70 மைலிலிருந்தோ அளப்பார்கள். ஜெர்மானியர்களின் கோடு 100 கிலோமீட்டர். 60 மைலுக்கும் 100 கிலோமீட்டருக்கும் மூன்றரை கிலோமீட்டர்தான் வித்தியாசம், ஆனால் தூரத்தில் அது 7 சதவீதம். 133 அடி மாடல் 3-ஐ ஜெர்மன் கோட்டில் நிறுத்தினால் 43.5 மீட்டர் வரும். இது தெரியாமல் இரண்டு நாட்டு எண்களை அருகருகே வைத்து இது மட்டம், அது உசத்தி என்று சண்டை போடுகிறவர்களை நிறையப் பார்த்தாயிற்று. அதோடு எந்த அட்டவணையும் ஓட்டுநரின் காலைச் சேர்ப்பதில்லை. 100-இல் போகும்போது கால் பெடலுக்கு வர ஒரு வினாடி ஆனால், பிரேக் தொடங்கும் முன்பே 28 மீட்டர் போய்விடும்.

காற்றில் வந்த திருத்தத்தைப் பலர் அதிசயம் என்று கொண்டாடினார்கள். எனக்கு அது பாதி நெருடல். சில நாட்களிலேயே 19 அடி குறைய முடியுமென்றால், அந்த 19 அடி அதுவரை வாடிக்கையாளர்களின் வண்டிகளில்தான் ஓடிக்கொண்டிருந்தது. பத்திரிகை ஒன்று தன் காசில் ஒரு வண்டியை வாங்கி, முதல் மிதியோடு திருப்திப்படாமல் திரும்பத் திரும்ப மிதித்ததால்தான் அதற்குத் திருத்தம் வந்தது. திருத்திய பிறகும் மாடல் 3 வகுப்புச் சராசரிக்கு 2 அடி பின்னால்தான். வீட்டு யானையோடு மோதினால் இன்னும் 6 அடி கடன்.