பச்சை முத்திரை யாரைத் திருத்துகிறது?

சுற்றுலா வந்தவரிடம் ஒரு படிவத்தை நீட்டி, "சூழலுக்குக் கேடு செய்யாத விடுதி என்றால் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பீர்களா?" என்று கேட்டால் பெரும்பாலோர் ஆமென்றுதான் சொல்வார்கள். இல்லை என்று சொல்லி யார் கெட்ட பெயர் வாங்கிக்கொள்வது? இப்படிப் பெற்ற பதில்களைச் சதவீதமாக்கி, பயணிகள் பசுமைச் சான்றிதழை விரும்புகிறார்கள் என்று முடிவுகட்டும் ஆய்வுகள் ஏராளம். அதே ஆள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிய பிறகு என்ன செய்கிறார் என்பதை அவை பார்ப்பதில்லை.

அதைப் பார்த்தவர்கள் எமில் யுவானும் சாரா டோல்னிச்சாரும். 2014இல் வெளியான அவர்களது ஆய்வு, சூழல் காப்பில் தாமாகவே ஈடுபட்டவர்களைப் பேட்டி கண்டது. அக்கறையில் குறை சொல்ல முடியாத அவர்களும் விடுமுறை என்று வந்ததும் சாக்குச் சொன்னார்கள். என் ஒருவன் பயணத்தால் என்ன கெட்டுவிடும், மற்றவர்கள் இதைவிட மோசம், அரசு அல்லவா பார்க்க வேண்டும், வருடத்துக்கு ஒருமுறைதானே! நம் வீட்டிலும் கேட்ட பேச்சுதான். அக்கறை இல்லாததால் நடத்தை மாறவில்லை என்ற விளக்கம் இங்கே அடிபட்டுப்போகிறது. அப்படியானால் அக்கறையைத் தூண்டும் முத்திரையிடம் பெரிதாக என்ன எதிர்பார்க்க முடியும்?

விடுதிக் குளியலறைத் துண்டை வைத்து அமெரிக்காவில் கோல்ட்ஸ்டீன், சியால்டினி, கிரிஸ்கெவிசியஸ் மூவரும் செய்த சோதனை 2008இல் வெளியானது. சூழலைக் காக்க உதவுங்கள் என்று எழுதிய அட்டைக்கு, துண்டை மறுபடி பயன்படுத்தியவர்கள் சுமார் 35 சதவீதம். இங்கே தங்குபவர்களில் பெரும்பாலோர் அப்படிச் செய்கிறார்கள் என்று எழுதியபோது 44. உபதேசத்தைவிட ஊர் வழக்கம் கூடுதலாக எடுபட்டது உண்மை. ஆனாலும் பாதிக்கு மேற்பட்டோர் அசையவில்லை. டோல்னிச்சார் குழு பின்னர் ஸ்லோவேனிய விடுதியில் வேறு வழியில் போனது. தட்டில் மிச்சம் வைக்காமல் சாப்பிடும் குடும்பங்களுக்கு, பிள்ளைகள் சேர்த்துப் பரிசு வாங்கும்படி வில்லைகள் கொடுத்தார்கள். வீணாகும் உணவு 34 சதவீதம் குறைந்தது. பூமியைக் காப்பாற்றச் சொல்லிச் செய்ய முடியாததைப் பிள்ளைகளின் ஆசை செய்துவிட்டது.

இதையெல்லாம் வைத்து முத்திரையே வீண் என்றால் அது அவசரத் தீர்ப்பு. 1985இல் பிரான்சில் தொடங்கிய நீலக்கொடி என்ற கடற்கரைச் சான்றிதழ் 2021இல் நம் கோவளத்துக்கும் புதுச்சேரி ஈடன் கடற்கரைக்கும் வந்தது. நீரின் தரம், கழிப்பறை, உயிர்காப்பாளர், குப்பை மேலாண்மை என்று 33 நிபந்தனைகள். வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும், தவறினால் கொடி இறங்கும். சென்னையிலிருந்து கோவளம் போகிறவர் பெரும்பாலும் கொடிக்காகப் போவதில்லை, பக்கத்தில் கடல் இருப்பதால் போகிறார். ஆனால் கடற்கரையைப் பராமரிப்பவர்களுக்கு அந்தக் கொடி ஓயாத நெருக்கடி. நீலக்கொடியின் பலன் அங்கேதான். அதன் குறையையும் சொல்லிவிட வேண்டும்: அளந்து குறித்த கரைத்துண்டுக்கு மட்டுமே அது பொறுப்பு. அங்கே வந்து சேர எவ்வளவு எரிபொருள் செலவானது என்பது அதன் கணக்கில் இல்லை. 2019இல் உலகப் பசுங்குடில் வாயு வெளியேற்றத்தில் 8.8 சதவீதம் சுற்றுலாவால் வந்தது என்கிறது 2024இல் வெளியான ஓர் ஆய்வு. அதில் விமானப் பயணத்தின் பங்கு பெரியது. மூங்கில் பல்துலக்கி வைத்த விடுதிக்கு ஏழு மணி நேரம் பறந்து போகிறவரிடம் எந்த முத்திரையும் அதைப் பேசுவதில்லை.

சோதிப்பார் இல்லாத முத்திரையோ வெறும் விளம்பரம். புக்கிங்.காம் தன் தளத்தில் விடுதிகளுக்குத் தந்துவந்த நிலைத்தன்மைப் பயணம் என்ற அடையாளம் மக்களைத் தவறாக வழிநடத்தக்கூடும் என்று நெதர்லாந்து நுகர்வோர் ஆணையம் சுட்டிக்காட்ட, 2024இல் நிறுவனம் அதைக் கைவிட்டது. முறையான சான்றளிப்பு ஏற்பாடோ பொது அதிகார அமைப்போ பின்னால் இல்லாத நிலைத்தன்மை முத்திரைகளை ஐரோப்பிய ஒன்றியம் 2026 செப்டம்பர் 27 முதல் தடை செய்யச் சட்டம் இயற்றியிருக்கிறது. முத்திரை குத்தியவரின் நேர்மையை நம்பி விட்டுவிடாமல் சோதனையைக் கட்டாயமாக்குவதால் இது சரியான திசை.

பயணியின் நடத்தைக்கு நீலகிரி நல்ல பாடம். 2022 மே மாதம் முதல் அங்கே டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பினால் பணத்தைத் தருகிறார்கள். சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டதால் வந்த ஏற்பாடு. காட்டில் வீசினால் யானையின் காலைக் கிழிக்கும் கண்ணாடி கடைக்கே திரும்பி வரத் தொடங்கியது. குடித்தவரின் சூழல் மனப்பான்மையை யாரும் அளக்கவில்லை. வாகனங்களுக்கும் அப்படித்தான்: 2024 மே 7 முதல் இ-பாஸ், 2025 கோடையில் வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 என்று வரம்பும் வந்தது. இந்த வரம்பை எதிர்க்கும் வியாபாரிகளிடம் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். வரம்பால் இழப்பு அவர்களுக்கு, ஆதாயம் மலைக்கு. அந்த இழப்புக்கு அரசு பதில் சொல்லியாக வேண்டும்.

ஆகவே பசுமை முத்திரை, விடுதிக்காரரையும் கடற்கரை நிர்வாகத்தையும் ஒழுங்குபடுத்தும் கருவி. வெளியார் சோதனையும் பறிக்கும் அதிகாரமும் இருந்தால் மட்டுமே அது மதிப்புள்ளது. பயணியைத் திருத்தும் வேலைக்கு அது போதாது. அதற்கு விலையும் வரம்பும் வேண்டும். அறை பதிவு செய்யும்போது பச்சை இலைச் சின்னம் கண்ணில் பட்டால் மூன்று கேள்விகள் கேளுங்கள்: யார் கொடுத்தது, கடைசியாக எப்போது சோதித்தார்கள், இதுவரை யாரிடமிருந்தாவது பறித்திருக்கிறார்களா?