பற்று நோட்டும் பரமண்டல ஜெபமும்

தேரிக்காட்டு ஓரத்தில் எங்கள் ஆச்சி ஒரு சின்ன மளிகைக் கடை வைத்திருந்தாள். இரவு எட்டு மணிக்குக் கடையடைத்து, கை கால் கழுவி, பாய் விரித்தால் குடும்ப ஜெபம். ஒரு பாட்டு, ஒரு அதிகாரம், முடிவில் பரமண்டல ஜெபம். பிள்ளைகள் நாங்கள் ஒரே மூச்சில் சொல்லி முடிப்போம். கடனை மன்னிக்கக் கேட்கும் இடம் வந்ததும் ஆச்சியின் குரல் மட்டும் பின்தங்கிவிடும். நாங்கள் ஆமென் சொன்ன பிறகு அந்த இடத்திலிருந்து தனியாகச் சொல்லி முடிப்பாள். அவள் தலைமாட்டில் வேதாகமமும், அதன்மேல் சிவப்பு அட்டை போட்ட பற்று நோட்டும் இருக்கும். வேத வசனத்தை அன்றாட வாழ்வில் கைக்கொள்வது பற்றி எதை வாசித்தாலும், எந்தப் பிரசங்கத்தைக் கேட்டாலும், இந்த ஒரு விண்ணப்பத்தில்தான் அதை உரசிப் பார்க்கிறேன்.

மத்தேயு 6ஆம் அதிகாரத்தில் கிரேக்க மூலம் கையாளும் சொல், திருப்பித் தரவேண்டிய கடனைக் குறிப்பது. இயேசு பேசிய அரமேயிக் மொழியில் 'ஹோபா' என்ற ஒரே சொல் கடனுக்கும் பாவத்துக்கும் பொதுவானது. 1871இல் முழுமையாக வெளிவந்த, ஹென்றி பவர் தலைமையில் உருவான தமிழ்த் திருப்புதல் இங்கே 'கடன்' என்றே வைத்தது. 1995இன் பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் 'குற்றம்' என்கிறது. ஆங்கிலிக்க மரபில் வந்த நம் ஆராதனை முறையிலும் 'குற்றம்' என்று சொல்லித்தான் வழக்கம். பொருளில் பிழை ஏதுமில்லை. ஆனாலும் 'கடன்' போன இடத்தில் ஒன்று குறைகிறது. குற்றத்தை மனதுக்குள் மன்னித்துவிட்டு எழுந்து போய்விடலாம். கடனை மன்னிக்க நோட்டைத் திறந்தாக வேண்டும்.

இந்த ஜெபத்தைக் கற்றுக்கொடுத்தபோது கேட்டுக்கொண்டிருந்தவர்கள் நியாயப்பிரமாணத்தைக் காதால் கேட்டு வளர்ந்தவர்கள். ஏழாம் வருஷ விடுதலை பற்றிய உபாகமம் 15 அவர்களுக்குப் புதிதல்ல. ஏழைக்குக் கொடுத்த பணத்துக்கு வட்டி கூடாது. அடகாக வாங்கிய போர்வையைப் பொழுது சாயும் முன் திருப்பிக் கொடுக்க வேண்டும், இரவில் அவன் எதைப் போர்த்திக்கொண்டு படுப்பான் என்று கேட்கிறது யாத்திராகமம் 22. திரிகைக் கல்லை அடகு பிடிக்கக் கூடாது. அடகு வாங்கப் போனவன் கடனாளியின் வீட்டுக்குள் நுழையாமல் வெளியே நிற்க வேண்டும் என்கிறது உபாகமம் 24. இந்த ஒரு கட்டளையை நான் பலமுறை நினைத்துப் பார்த்ததுண்டு. கடன் கொடுத்தவனுக்கும் வாசற்படி ஓர் எல்லை. உள்ளே கடனாளியின் மனைவி இருக்கிறாள், பிள்ளைகள் இருக்கிறார்கள்.

நெகேமியாவை ஜெபவீரர் என்று பிரசங்கிப்பார்கள். முதல் அதிகாரத்தில் அவர் உபவாசித்து அழுது ஜெபித்ததை எத்தனையோ கூட்டங்களில் கேட்டிருக்கிறேன். ஐந்தாம் அதிகாரம் மேடைக்கு வருவது அபூர்வம். பஞ்சத்தில் பிள்ளைகளை அடிமைகளாக விற்கும் நிலைக்கு வந்த ஜனங்கள் அங்கே கூக்குரலிடுகிறார்கள். தானும் தன் சகோதரரும்கூடப் பணமும் தானியமும் கடன் கொடுத்தவர்களே என்று நெகேமியா சபை நடுவே ஒப்புக்கொள்கிறார். பிறகுதான் வயலையும் திராட்சத்தோட்டத்தையும் வீட்டையும் வட்டியையும் திருப்பிக் கொடுக்கச் சொல்கிறார். அழுது ஜெபித்த அதே மனிதர்தான் கணக்கையும் திறந்து காட்டுகிறார்.

ஆதித் திருச்சபையின் 'திதகே' என்ற சிறு போதனை நூல், பரமண்டல ஜெபத்தை நாளுக்கு மூன்று முறை சொல்லச் சொல்கிறது. அப்படிச் சொல்லும்போது என்ன நடந்தது என்பதற்கு ஐந்தாம் நூற்றாண்டின் துறவி ஜான் காசியன் ஒரு தடயம் விட்டுப் போயிருக்கிறார். சபையார் கூடிச் சொல்லும்போது சிலர் இந்த விண்ணப்பம் வந்ததும் வாயை மூடிக்கொள்வார்களாம். சொன்னால் தங்கள் வாயாலேயே மாட்டிக்கொள்வோமே என்ற பயம். தாங்கள் மன்னிக்கும் அளவே தங்களுக்கும் அளவு என்று அவர்கள் விளங்கிக்கொண்டிருக்கிறார்கள். பொருளை உள்வாங்காமல் உரக்கச் சொல்லும் நம்மைவிட, பயந்து மௌனமான அவர்கள் அந்த வசனத்துக்கு அருகில் இருந்தார்கள் என்றே நினைக்கிறேன்.

'கடனே என்று' செய்வது என்கிறோமே, அப்படிப்பட்ட ஜெபத்துக்கு மருந்தாக மார்ட்டின் லூத்தர் 1535இல் ஒரு சிறு நூல் எழுதினார். முடி திருத்தும் பேதுரு என்ற தம் நண்பர், ஜெபிக்கும் முறையைக் கேட்டதற்கான பதில் அது. கத்தி பிடித்தவனின் கவனம் சிதறினால் எதிரே இருப்பவரின் மூக்கு போய்விடும், ஜெபமும் அப்படித்தான் என்று அவருக்குத் தெரிந்த தொழிலை வைத்தே லூத்தர் விளக்குகிறார். பத்துக் கட்டளைகள் ஒவ்வொன்றையும் நான்கு புரிக் கயிறாகத் திரிக்கிறார்: கற்பது, நன்றி சொல்வது, அறிக்கையிடுவது, கேட்பது. இந்த முறையைக் கடன் விண்ணப்பத்தில் வைத்துப் பார்த்தேன். கற்பதும் நன்றி சொல்வதும் சுலபமாக வந்தன. மூன்றாம் புரியில் ஒரு பெயர் வந்து நின்றது. அன்று அதற்கு மேல் ஜெபம் ஓடவில்லை.

மத்தேயு 18இல் வரும் உவமையை நம் கூலிக் கணக்கில் போட்டுப் பார்க்கலாம். ஒரு தாலந்து சுமார் 6,000 தெனாரியம். ஒரு தெனாரியம் ஒரு நாள் கூலி. ராஜா தன் ஊழியக்காரனுக்குத் தள்ளுபடி செய்த 10,000 தாலந்து 6 கோடி நாள் கூலி, அதாவது ஏறக்குறைய 1,64,000 வருஷ உழைப்பு. அந்த ஊழியக்காரன் தன் உடன் வேலையாளின் கழுத்தைப் பிடித்தது 100 தெனாரியத்துக்காக. அந்த 100 ஒன்றும் அற்பத் தொகை இல்லை, மூன்று மாதக் கூலிக்கு மேல். இயேசு அதைச் சில்லறைக் காசாக்கிச் சொல்லவில்லை. மன்னிப்பவனுக்கு உண்மையாகவே நஷ்டம் வரும் தொகையைத்தான் சொன்னார்.

இந்த உவமையில் மன்னிக்கச் சொல்லப்படுகிறவன் கடன் கொடுத்தவன், கை ஓங்கியவன். நம் ஆலோசனைகளிலோ அது பெரும்பாலும் தலைகீழாகிவிடுகிறது. அடிபட்ட மனைவியிடமும், கூலி பிடிக்கப்பட்ட வேலைக்காரனிடமும்தான் மன்னித்துவிடு என்கிறோம். முதலாளியிடம் இதே வசனத்தை யார் கொண்டுபோகிறார்கள்? வேதத்தைத் தவறான வாசலில் கொண்டுபோய் வைப்பதும் ஒரு கொடுமைதான். சட்டமாவது சரியான வாசலுக்குப் போனது: கந்துவட்டியைத் தடுக்க 2003இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. ஆனாலும் 2017 அக்டோபரில், கோயில்மணி ஓசை கேட்காத தெருவே அரிதான எங்கள் நெல்லையில், ஆட்சியர் அலுவலக வளாகத்திலேயே ஒரு குடும்பம் கந்துவட்டியால் தீக்குளித்தது. அடுத்த ஞாயிறும் ஆலயங்களில் இந்த ஜெபத்தைச் சொல்லியிருப்போம்.

டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுக்கிறோம். ஜெபக்குறிப்புச் சீட்டுகளில் 'கடன் பிரச்சினை தீர' என்று எழுதுகிறோம். அதைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை, அந்தத் தவிப்பு எனக்கும் தெரியும். தனக்குத் தரவேண்டியவரை விடுவிக்க மனம் வேண்டும் என்று எழுதிய சீட்டை மட்டும் நான் இதுவரை பார்த்ததில்லை. இத்தனைக்கும் பரமண்டல ஜெபத்தைக் கற்பித்து முடித்ததும் இயேசு திரும்ப எடுத்து விளக்கியது இந்த ஒரு விண்ணப்பத்தைத்தான்.

ஆச்சி போன பிறகு அந்த நோட்டு என்னிடம் வந்தது. வசூலிக்க வேண்டியவர்களிடம் பைசா விடாமல் வசூலித்திருக்கிறாள். கொடுக்க முடிந்தவர்களை அவள் விட்டதாகத் தெரியவில்லை. நடுவில் ஒரு பக்கம். பனையேறி ஒருவரின் கணக்கு: அரிசி, மண்ணெண்ணெய், பிள்ளைக்குச் சிலேட்டு, மறுபடியும் அரிசி. கூட்டுத்தொகை 212 ரூபாய். அதன் குறுக்கே பென்சிலால் ஒரே கோடு, ஓரத்தில் தேதி. மறுபக்கத்தில் அடுத்த நாள் தேதியிட்டு, அதே பெயரில், அரிசி இரண்டு படி.