மறைத்தலும் வெளிப்படுத்தலும்: பி. டி. ஜேம்ஸின் நாட்குறிப்பு பற்றிய ஒரு நோக்கு

துப்பறியும் நாவலுக்கும் அதன் வாசகனுக்குமிடையே எழுதப்படாத உடன்படிக்கை ஒன்று உண்டு. இடையில் எவ்வளவு மறைக்கப்படினும் இறுதி அத்தியாயத்தில் யாவும் விளக்கப்படும் என்பதே அது. இவ்வுடன்படிக்கையை வாழ்நாள் முழுவதும் பேணிய எழுத்தாளர் ஒருவர் தம் வாழ்வைப் பற்றி எழுதும்போது, அங்கும் அதே உரிமையை வாசகன் கோரலாமா? ஆங்கில நாவலாசிரியை பி. டி. ஜேம்ஸ் (1920–2014) 1999 இல் வெளியிட்ட நாட்குறிப்பு நூல் எழுப்பும் முதன்மையான வினா இதுவாகும்.

தமது எழுபத்தேழாவது பிறந்த நாளான 1997 ஓகஸ்ட் 3 ஆம் திகதி தொடங்கி, சரியாக ஓராண்டுக்கு இக்குறிப்புகள் நீள்கின்றன. எழுபத்தேழு வயதைப் பற்றிச் சாமுவேல் ஜோன்சன் கூறிய வாசகமொன்றிலிருந்தே நூலின் தலைப்பு பெறப்பட்டது. புதிய நாவலையொட்டிய பயணங்கள், பிரபுக்கள் சபை அலுவல்கள், தேவாலய வழிபாடு, குடும்பத்தினரின் வருகை, இளவரசி டயானாவின் மரணம் ஆகியன நாள்தோறும் பதிவாகின்றன. அவற்றினூடே கடந்த காலம் இடையிடையே தலைகாட்டுகின்றது.

அக்கடந்த காலம் எளிதானதன்று. இரண்டாம் உலகப் போரில் இராணுவ வைத்தியராகப் பணியாற்றிய கணவர் உளநோயுடன் திரும்பினார். அவருக்கு ஓய்வூதியமும் கிடைக்கவில்லை. இரு பெண் பிள்ளைகளைக் கொண்ட குடும்பத்தின் சுமை ஜேம்ஸின் தோள்களில் விழுந்தது. 1949 முதல் வைத்தியசாலை நிருவாகத்திலும், 1968 முதல் 1979 வரை உள்துறை அமைச்சிலும் அவர் கடமையாற்றினார். வேலைக்குப் புறப்படுமுன் அதிகாலையில் எழுதிய முதல் நாவல் 1962 இல் வெளிவந்தது. கணவர் 1964 இல் காலமானார்.

இவ்வாண்டுகளின் வேதனையை நூல் திறந்து காட்டவில்லை. நினைவில் உள்ளவை யாவற்றையும் எழுதவேண்டிய தேவையில்லை என்பது ஜேம்ஸின் நிலைப்பாடு. இதனைச் சுயசரிதையின் குறைபாடாகக் கருதுவோர் இருக்கலாம். கொலையாளியின் உள்ளத்தை ஈவிரக்கமின்றி ஆராய்ந்தவர் தம் இல்லத்தின் கதவை மாத்திரம் அடைத்துவிடலாமா என்பது அவர்தம் வாதம்.

இதற்கான விடையை நூலின் பிற்சேர்க்கையிற் காணலாம். ஜேன் ஒஸ்ரினின் ‘எம்மா’வைத் துப்பறியும் கதையாக நோக்கி, 1998 இல் ஜேம்ஸ் ஆற்றிய உரை அங்கு இடம்பெறுகின்றது. அந்நாவலிற் கொலை இல்லை. இருவரின் இரகசிய மணவுறுதி மாத்திரமே உண்டு. அனுப்பியவர் பெயரின்றி வந்துசேரும் பியானோ உட்படத் தடயங்கள் யாவும் வாசகன் கண்முன்னே கிடக்கின்றன. எம்மாவோ தனது கற்பனையை நம்பி அவற்றைப் பிழையாகப் பொருள்கொள்கிறாள்.

இவ்வாசிப்பு முறையே நாட்குறிப்புக்கும் பொருந்தும். அதிகாலை எழுத்து, அலுவலக வேலை, வைத்தியசாலைச் சூழல் ஆகிய எளிய விவரங்களே இங்கு தடயங்கள். தாதியர் பயிற்சிக் கூடமும் தடயவியல் ஆய்வுகூடமும் அவரது நாவல்களின் களங்களானமைக்கு அவ்வுழைப்பே அடிப்படை. அவற்றைக் கூட்டி வாசிப்பவனுக்குச் சொல்லப்படாத துயரின் அளவு புலப்படும். ஒப்புதல் வாக்குமூலத்தை எதிர்பார்ப்பவனோ எம்மாவைப் போன்று தவறிவிடுவான். மேலும், நோயுற்ற கணவர் மறுமொழி கூற இயலாதவர். கற்பனைப் பாத்திரத்திடம் எடுத்துக்கொள்ளும் சுதந்திரத்தை அவரிடம் எடுத்துக்கொள்ளாமை அறத்தின் பாற்பட்டது.

எனினும் ஒரு வேறுபாடு அவசியமாகின்றது. தனிமனிதத் துயரை மறைக்க எழுத்தாளருக்கு உரிமை உண்டு. ஆனால் போருக்கு அனுப்பிய ஒருவரை அரசு கைவிட்டமை குடும்ப இரகசியமன்று. அது சமூகப் பிரச்சினை. அதனை விரிவாக ஆராய இந்நூல் முற்படவில்லை. நிலவும் ஒழுங்கு குலைந்து மீண்டும் நிலைபெறுவதைக் காட்டும் துப்பறியும் நாவல் மரபின் எல்லை இங்கும் தென்படுகின்றது எனலாம். அவ்வெல்லையை மனங்கொண்டு படிப்போருக்கு, வாழ்வும் வாசிப்பும் எழுத்தும் ஒன்றையொன்று விளக்கும் அரியதோர் ஆவணமாக இந்நாட்குறிப்பு அமைகின்றது.