பச்சை உடம்பும் தலைப்புச் செய்தியும்

2024 பிப்ரவரியில் எங்கள் மாவட்டத்துப் பெண் ஒருவரின் படம் எல்லாச் செய்தித்தாள்களிலும் வந்தது. ஜவ்வாது மலைப் புலியூரைச் சேர்ந்த ஸ்ரீபதி, மலையாளிப் பழங்குடிப் பெண், 23 வயதில் உரிமையியல் நீதிபதித் தேர்வில் வென்றிருந்தார். பிள்ளை பெற்ற இரண்டாம் நாள் காரில் சென்னைக்குப் போய்த் தேர்வெழுதியவர். என் மாணவிகள் அந்தச் செய்தியை வெட்டி விடுதிச் சுவரில் ஒட்டினார்கள். எனக்கும் மகிழ்ச்சிதான். உறுத்தியது அது சொல்லப்பட்ட விதம்.

நான் படித்த செய்திகளில் பெரும்பாலானவற்றுக்கு அந்த இரண்டு நாள்தான் தலைப்பு. அவர் சட்டம் படித்த ஆண்டுகள் ஒரு வரியில் கடந்துபோயின. காற்றுப் படக்கூடாது, குனியக்கூடாது என்று நம் வீடுகளில் பொத்திக் காக்கும் பச்சை உடம்பு, செய்தியில் வைராக்கியத்தின் அளவுகோலாகிவிட்டது. (14 கிலோமீட்டர் கிரிவலத்தை வெறுங்காலில் நடப்பவர்களைப் பார்த்துப் பழகிய ஊர் எங்களுடையது. வலியைத் தவமாகப் படிக்க எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.)

பிரசவத்துக்குப் பின் ஆறு வாரங்கள் ஒரு பெண்ணை வேலையில் ஈடுபடுத்தக்கூடாது என்றது அன்று நடப்பில் இருந்த 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம். தேர்வு வேலையல்லவே! நீதிபதியாகப் போகிறவருக்கு இந்தச் சட்டத்தின் நிழல்கூட அன்று கிடைக்கவில்லை. வேறு தேதி கேட்க வழி இருந்ததா என்று நான் படித்த எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கதையின் நாயகி மாறாமல், வில்லன் மட்டும் வெளியே வந்திருப்பான்.

எனக்கு நம்பிக்கை தந்தது வேறொரு வரி. முதலமைச்சர் தன் வாழ்த்தில், தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசுப் பணியில் முன்னுரிமை தரும் ஆணையைக் குறிப்பிட்டிருந்தார். ஆட்சியின் பெருமை பேசுகிறார் என்று ஒதுக்கிவிடலாம்தான். ஆனால் 2010இல் சட்டமான அந்த 20 விழுக்காடு ஒதுக்கீட்டை என் மாணவியிடம் எடுத்துக்காட்டி, விண்ணப்பம் போடு என்று சொல்ல முடியும். வைராக்கியத்தை அப்படி எடுத்துக் கொடுக்க முடியாது.

வகுப்பில் அந்தச் செய்திக்கு வேறு தலைப்பு எழுதச் சொன்னேன். 'பிரசவத்தைக் கணக்கில் கொள்ளாத தேர்வு அட்டவணை' என்று எழுதினாள் ஒருத்தி. மலையிலிருந்து வந்து படிக்கும் இன்னொருத்தி தலைப்பு எதுவும் எழுதவில்லை. தாளைக் கொடுக்கும்போது கேட்டாள்: “அவங்க எழுதி முடிக்கிற வரைக்கும் வெளிய கொழந்தைய யார் வச்சிருந்தாங்க, மேடம்?”