நாய்க்கும் வேலிக்கும் நடுவே 30 மீற்றர்

பொலிஸ் மோப்ப நாய்ப் பிரிவின் தலைமையகம் கண்டி அஸ்கிரியவில் இருக்கிறது. தடை தாண்டிப் பாயும் நாய் கண்டி, கம்பளைப் பக்கத்தாருக்குப் புதிய காட்சியல்ல. அதைப் படமெடுப்பதுதான் சிக்கல். படத்தில் நாயின் காதிலிருந்து வேலிக்கம்பி முளைத்திருக்கும். முதுகில் யாரோ ஏறி நிற்பதுபோல் இருக்கும். உடனே பழி லென்ஸின் மேல் விழும். "எஃப் 2.8 லென்ஸ் இருந்தால் பின்னணி கரைந்திருக்கும்" என்பார்கள்.

கணக்கு வேறு விதமாகச் சொல்கிறது. முழு பிரேம் கமரா, 200 மில்லிமீற்றர் லென்ஸ், 10 மீற்றர் தூரத்தில் நாய் என்று வைத்துக்கொள்வோம். எஃப் 2.8இல் தெளிவாக விழும் ஆழம் ஏறக்குறைய 40 சென்ரிமீற்றர். மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் நேரே ஓடிவரும் நாய் அந்த ஆழத்தை 1/20 செக்கனில் தாண்டிவிடும். போகஸ் இம்மி பிசகினாலும் கண் கலங்கிவிடும்.

எஃப் 5.6க்கு மாற்றினால் அந்த ஆழம் இரட்டிப்பாகும். பின்னணி மங்காதே என்ற பயம் வேண்டாம். 2 மீற்றர் பின்னால் இருக்கும் வேலியை எஃப் 2.8 மங்கலாக்குவதைவிட, 30 மீற்றர் பின்னால் இருக்கும் வேலியை எஃப் 5.6 இரண்டு மடங்குக்கும் மேல் மங்கலாக்கும். ஆட்டத்தைத் தீர்மானிப்பது இடைவெளிதான்.

இதில் கம்பளைக்காரருக்கு மண்ணே கைகொடுக்கிறது. நின்றபடி எடுத்தால் நாய்க்குப் பின்னால் புல்லும் வேலியும் நெருங்கி நிற்கும். குப்புறப் படுத்துக் கமராவைத் தரையோடு இறக்கினால், மகாவலிக்கு அக்கரையிலுள்ள மலைச்சரிவே பின்னணியாகிவிடும். தேயிலைப் பச்சைக்கு முன் செம்மண் நிற நாய் எடுப்பாகத் தெரியும். கறுப்பு நாயை மர நிழலுக்கு முன் நிறுத்தினால் காணாமற்போகும்; அதற்குக் காலை மூடுபனியின் வெண்மைதான் பொருத்தம். 1878இல் ஓடும் குதிரையைப் படமெடுத்த மைபிரிட்ஜும் ஓடுபாதைக்குப் பின்னால் வெள்ளைத் திரையைத்தான் கட்டினார்.

ஷட்டரில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. குறுக்கே ஓடும் நாயின் உடல் 1/1000 செக்கனில் 8 மில்லிமீற்றர் நகர்கிறது. வீசும் கால் அதைவிட வேகம். எனவே 1/2000 வரை போகலாம். மழைமூட்டத்தில் ஐஎஸ்ஓவை ஏற்றத் தயங்க வேண்டாம்: படத்தில் புள்ளி விழுந்தால் பொறுத்துக்கொள்ளலாம், கலங்கிய கண்ணைப் பொறுக்க முடியாது.

புதிய லென்ஸுக்குக் காசு சேர்க்குமுன், நாயை ஓடவிடும் தடத்தை வேலியிலிருந்து தள்ளி வையுங்கள். அதற்குச் செலவு கிடையாது.